ரிசல்ட் சீசனில் எதை வாங்கலாம்: இன்ஃபோசிஸா, ஐடி ஈடிஎஃப்பா, நிஃப்டி 50-ஆ?

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் வந்துவிட்டால் ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வரும் கம்பெனி பஸ்களில் நம்மாட்கள் பேசுவது இதைத்தான்: "ரிசல்ட் வருதே, இன்ஃபி (இன்ஃபோசிஸ்) வாங்கிப் போடலாமா?" பெரிய ஐடி கம்பெனிகளில் வழக்கமாக டிசிஎஸ் முதலில் காலாண்டு முடிவைச் சொல்லும். அடுத்த சில நாட்களில் மற்றவை வரிசையாக வரும். அப்போது சந்தை ஏறினால் அதில் பங்குபெற மூன்று வழிகள் உண்டு. ஒரே கம்பெனியின் பங்கு, நிஃப்டி ஐடி ஈடிஎஃப் (ஐடி கம்பெனிகளின் குறியீட்டை அப்படியே பின்பற்றும், பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்), நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் (பல துறைகளின் 50 பெரிய கம்பெனிகளின் குறியீட்டைப் பின்பற்றுவது).

தனிப் பங்கின் மேல் ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜனவரி 12 அன்று இன்ஃபோசிஸ் ஏறக்குறைய 8 சதவீதம் ஏறியது. சென்செக்ஸ் அன்று 847 புள்ளி ஏறியும் அது 1.2 சதவீதம்தான். ஆனால் முந்தைய நாள் வந்த முடிவைப் பாருங்கள். லாபம் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 7 சதவீதம் குறைந்திருந்தது. அந்த நிதியாண்டுக்கு 1 முதல் 2.5 சதவீதம் என்று கம்பெனியே சொல்லியிருந்த வருவாய் வளர்ச்சிக் கணிப்பும் 1.5 முதல் 2 ஆகச் சுருங்கியது. இன்னும் மோசமாக வரும் என்று சந்தை பயந்திருந்ததால் பங்கு ஏறியது.

சரியாக ஒரு வருடம் கழித்து நடந்தது இதற்கு நேர் எதிர். 2025 ஜனவரி 16 அன்று இன்ஃபோசிஸ் 11.4 சதவீத லாப உயர்வைக் காட்டியது. கணிப்பையும் 4.5–5 சதவீதமாக உயர்த்தியது. மறுநாள் பங்கு 6 சதவீதத்துக்கு அருகில் விழுந்தது. உயர்த்திய கணிப்பைக் கணக்குப் போட்டால் அடுத்த காலாண்டு மந்தமாக இருக்கும் என்று தெரிந்ததும் ஒரு காரணம். ஆக, ரிசல்ட் நன்றாக வரும் என்று நீங்கள் சரியாகக் கணித்தாலும் போதாது. மற்றவர்கள் எவ்வளவு எதிர்பார்த்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றால், அது வருவது சந்தை 3.30-க்கு மூடிய பிறகு. இன்ஃபோசிஸின் ஏடிஆர் (அமெரிக்கச் சந்தையில் அதன் பங்குக்கு ஈடாக விற்கும் பத்திரம்) அன்றிரவே நியூயார்க்கில் கைமாறிவிடும். மறுநாள் 9.15-க்கு நமக்குக் கிடைக்கும் விலையில் அந்தச் செய்தி முழுவதும் அடங்கியிருக்கும்.

அப்புறம் ஐடி ஈடிஎஃப். தனிப் பங்கின் ஆபத்தைக் குறைக்கும் நடுவழி என்று பலர் இதை நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிஃப்டி ஐடியில் பத்து கம்பெனிகள் இருந்தாலும் எடையில் ஏறத்தாழப் பாதி இன்ஃபோசிஸும் டிசிஎஸும்தான். 2023 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் 4–7 சதவீதக் கணிப்பு தந்து ஏமாற்றம் அளித்தபோது, 17-ஆம் தேதி பங்கு 9 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. நிஃப்டி ஐடி 4 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. நிஃப்டி 50 இழந்தது ஒரு சதவீதம்கூட இல்லை.

பெங்களூரில் ஐடி சம்பளம் வாங்குபவருக்கு இது இன்னும் முக்கியம். அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தால் பங்கு விழும். நம் போனஸ் குறைவதும், புது வேலைக்கு ஆளெடுப்பது நிற்பதும் அதே காரணத்தால்தான். வீட்டுக் கடனும் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது. சேமிப்பையும் அதே துறையில் வைப்பது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெரும் எடை பிடித்திருக்கும் நிஃப்டி 50 ஃபண்ட்தான் நமக்கு ஏற்றது. 8 சதவீத நாள் அதில் வருவது மிக அரிது என்பது உண்மைதான்.

தனிப் பங்குதான் வேண்டும் என்பவர் கணிப்பு, பெரிய ஒப்பந்தங்களின் மதிப்பு, மார்ஜின் (வருவாயில் லாபம் எத்தனை சதவீதம் என்பது) ஆகியவற்றைக் காலாண்டு தவறாமல் படித்து, ரிசல்ட் பரபரப்பு அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கட்டும். டிசிஎஸ் இப்படி வருடக் கணிப்பு தருவதில்லை, அதனால் அந்த வகை அதிர்ச்சி அங்கே குறைவு. ரிசல்ட்டுக்கு முன் கால் ஆப்ஷன் (பங்கு ஏறும் என்று சிறு தொகை கட்டி வாங்கும் ஒப்பந்தம்) வாங்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். இத்தகைய ஒப்பந்தங்கள் நடக்கும் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது.

வேலை பார்க்கும் கம்பெனியின் பங்கு இஎஸ்ஓபி-யாக (ஊழியர்களுக்குக் கம்பெனி தரும் பங்குத் திட்டம்) ஏற்கெனவே சேர்ந்திருந்தால், புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் அதில் ஒரு பகுதியை நிஃப்டி 50-க்கு மாற்றுங்கள். கம்பெனியின் உள்தகவல் தெரியக்கூடியவர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், காலாண்டு முடிந்தது முதல் ரிசல்ட் வந்து 48 மணி நேரம் ஆகும்வரை விற்க முடியாது. பங்கு 12 மாதத்துக்கு மேல் கையில் இருந்தால், லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம்.