அப்பெண்டா, ஒற்றை வரியா?

ராயக்கோட்டை மண்டியில் ஒவ்வொரு தக்காளிப் பெட்டிக்கும் விலை கணக்கிட பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷன், அதாவது பெயரிட்ட ஒரு நிரல்துண்டு, இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாப் பெட்டிகளின் விலையையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது எப்படி? அந்த ஃபங்ஷன் விலையை பிரிண்ட் மட்டும் செய்தால் திரையில் எண் தெரியும். பட்டியலிலோ ‘நன்’ (None) என்ற வெற்று மதிப்புதான் சேரும். விலையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் கட்டாயம்.

பெட்டி பெட்டியாகச் சுற்றிவரும் லூப்புக்கு முன்னால் காலிப் பட்டியலை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் விலையை அப்பெண்ட் செய்வது, அதாவது பட்டியலின் கடைசியில் சேர்ப்பது, ஒரு வழி. நீளம்தான், ஆனால் அழுகல் பெட்டியைத் தள்ளலாம், பிழையைப் பிடிக்கலாம், நடுவில் நிறுத்தியும் பார்க்கலாம். பட்டியலை லூப்புக்குள்ளேயே உருவாக்கினால் கடைசிப் பெட்டியின் விலை மட்டும் மிஞ்சும். அப்பெண்ட் தரும் விடையும் ‘நன்’தான்; அதைப் பட்டியலின் பெயரிலேயே சேமித்தாலோ பட்டியலே தொலைந்துவிடும்.

2000-இல் பைத்தான் 2.0 கொண்டுவந்த லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன், லூப்பைப் பட்டியலுக்குள்ளேயே எழுதும் முறை, இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பெரும்பாலும் சற்று வேகமும் கூட. எளிய கணக்குக்கு என் ஓட்டு இதற்கே. மூன்று நிபந்தனைகளைத் திணித்த ஒற்றை வரியை மட்டும் என்னிடம் காட்டாதீர்கள்.