எஸ்ஜிபிடி கூடியிருக்கிறதா? கல்லீரல் பயாப்ஸிக்கு முன்னால் சிபிகே பார்க்கச் சொல்லுங்கள்

நான்கரை வயதில் என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைப் பார்க்க அளக்கும் நொதிகளான எஸ்ஜிஓடி 310, எஸ்ஜிபிடி 380 என்று வந்தது. இரண்டும் 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியவை. கல்லீரல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அங்கே தொடங்கிய அலைச்சல் ஒன்றரை வருஷம் நீண்டது.

ஹெபடைடிஸ் வைரஸ் பரிசோதனைகள், வில்சன் நோய்க்கான (உடலில் செம்பு சேரும் நோய்) பரிசோதனை, வயிற்று ஸ்கேன் என்று எதையும் விடவில்லை. எல்லாம் சரியாக இருந்தன. கல்லீரலுக்காகப் பார்க்கும் மற்ற அளவுகளான பிலிருபினும் ஜிஜிடியும்கூட சரி. ஆனாலும் கல்லீரல் டானிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார்கள். போவோம், மறுபடி ஊசி குத்துவார்கள், அதே எண்கள் வரும்.

ஒவ்வொரு முறையும் நான் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறான், ஓடினால் விழுகிறான், தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கையை மாற்றி மாற்றி ஊன்றி எழுகிறான் என்று. “நடக்கவே லேட்டான பிள்ளைதானேம்மா, போகப் போகச் சரியாகிவிடும்” என்றார்கள். கெண்டைக்கால் திரண்டு உருண்டு இருக்கிறதே என்று காட்டினேன். “நல்ல பலமான கால்” என்று ஒரு டாக்டர் தட்டிக்கொடுத்தார். அது பலமில்லை. தசை அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து பெருத்த கால் அது. அந்த வார்த்தையை நம்பி அன்று நிம்மதியாக வீட்டுக்கு வந்ததை நினைத்தால் இப்போதும் தாங்க முடியவில்லை.

கடைசியில் கல்லீரலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்குத் தேதி குறித்தார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்வது. முந்தின நாள் பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டர், பொம்மையோடு தரையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்ததைக் கவனித்தார். திரும்ப உட்கார்ந்து எழச் சொன்னார். பிறகு என்னிடம், “இவனுக்கு சிபிகே பார்த்தாங்களாம்மா?” என்று கேட்டார். அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். தசை உடைந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு நொதி அது.

குழந்தைகளுக்குச் சில நூறுக்கு மேல் போகக் கூடாத அந்த அளவு 14,600 இருந்தது. பயாப்ஸி நின்றது. மரபணுப் பரிசோதனையில் டூஷேன் தசைச்சிதைவு நோய் என்று உறுதியானது. தசையைக் காக்கும் புரதத்துக்கான டிஸ்ட்ரோபின் மரபணுவின் 79 எக்ஸான்களில் (மரபணுவின் பகுதிகள்) 45 முதல் 50 வரை அவனுக்கு இல்லை.

எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் தசையிலும் இருக்கின்றன. தசை உடைந்தாலும் ரத்தத்தில் கூடும். ஜிஜிடி அப்படி தசையிலிருந்து வருவதில்லை. அது சரியாக இருந்து மற்ற இரண்டும் மாதக்கணக்கில் இறங்காமல் இருந்தபோதே தசையைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கோப்பில் அது ஐந்து தடவை எழுதியிருந்தது. சிபிகே ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைதான். ஆனால் வழக்கமான கல்லீரல் பரிசோதனையில் அது சேராது, தனியாக எழுதித்தர வேண்டும். டாக்டர் எழுதாவிட்டால் நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளை எழுவதையும் படி ஏறுவதையும் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். நான் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மயக்க மருந்து விஷயத்தைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். சக்சினைல்கோலின் என்ற மருந்தும் ஹாலோதேன் போன்ற மயக்க வாயுக்களும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து. தசை சட்டென்று உடைந்து பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். நோய் இருப்பது தெரியாமல் அவனை அந்த மேஜையில் படுக்க வைக்க நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இன்னொன்று. மரபணுவில் பெரிய பகுதிகள் விடுபட்டோ இரட்டித்தோ இருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று யாராவது அனுப்பினால் விட்டுவிடாதீர்கள். சிறிய மாற்றங்கள் அதில் தெரியாது, மரபணுவை முழுதாக வாசிக்க வேண்டும்.

இப்போது ஸ்டீராய்டு, பிசியோதெரபி, இதயப் பரிசோதனை எல்லாம் நடக்கின்றன. ஸ்டீராய்டு நடக்கும் காலத்தை நீட்டிக் கொடுக்கும் மருந்து. அதைப் பற்றிப் பேசக்கூட முடியாமல் ஒன்றரை வருஷம் கல்லீரல் டானிக்கில் போனது.

பரிசோதித்ததில் நானும் என் தங்கையும் இந்த மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்கள் என்று தெரிந்தது. நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். அந்த ஒன்றரை வருஷத்துக்குள் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவனுக்கு சிபிகே எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்குச் சரியாக இருந்தது.