வாங்கிய குண்டா, வார்த்த குண்டா: பழைய .30-30 ரைஃபிளுக்கு எது பொருந்தும்?

விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதிக் காடுகளில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்கள் நடக்கும் மான் வேட்டைப் பருவத்துக்கு, நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் .30-30 ரைஃபிள் (.30-30 என்பது அது ஏற்கும் தோட்டா வகையின் பெயர்) ஒன்றையே நான் எடுத்துச் செல்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் கடையில் வாங்கிய உறைக் குண்டுகளைக் கொண்டு தோட்டா நிரப்பினேன். கடந்த மூன்று ஆண்டுகளாகக் காரீயத்தை உருக்கி நானே வார்த்த குண்டுகளைப் பயன்படுத்துகிறேன். என் சாய்வு வார்த்த குண்டின் பக்கம்தான் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம், பலர் நினைப்பதுபோல் பணம் அன்று.

இங்கே குண்டு என்று சொல்வது குழலிலிருந்து பறந்துபோகும் உலோகத்தை மட்டுமே. பித்தளைக் கூடு, அடி விழுந்ததும் தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குக் குண்டு வார்க்க உரிமம் எதுவும் தேவையில்லை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளதால், ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் செய்முறையாகக் கொள்ளாமல் தகவலாகவே கொள்ள வேண்டும்.

வெளிப்படையான வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறைக் குண்டு என்பது காரீய உள்ளகத்தின் மேல் செம்புக் கலவை உறை போர்த்தப்பட்டது; அதிக வேகத்தைத் தாங்கும், குழலில் ஈயம் படியவிடாது, பெட்டியைத் திறந்தால் ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்கும். தொழிற்சாலைத் தோட்டாவில் 170 கிரெயின் (ஏறத்தாழ 11 கிராம்) எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. நான் வார்க்கும் அதே எடைக் குண்டை 580 மீட்டர் வேகத்துக்கு மேல் நான் கொண்டுபோவதில்லை. அடர்ந்த காட்டில் நூறு கெஜத்துக்குள்ளாகவே சுட வாய்ப்புக் கிடைப்பதால், இந்த வேக இழப்பை நான் உணர்ந்ததே இல்லை. குழாய் வடிவத் தோட்டா அறையில் ஒரு குண்டின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமர்மேல் அழுந்தி நிற்பதால், இந்த வகை ரைஃபிளுக்குக் கடினமான கூர்முனை கூடாது, தட்டை முனையே வழக்கம் என்பது இரு தரப்புக்கும் பொது.

செலவு மிச்சமாகும் என்று சொல்வது அரை உண்மை. ஒரு கிலோ கலவையில் 170 கிரெயின் குண்டுகள் ஏறத்தாழ தொண்ணூறு கிடைக்கும் என்பதால் மூலப்பொருள் மலிவுதான். ஆனால் உருக்கும் பானை, அச்சு, வெப்பமானி, குண்டைத் துல்லிய அளவுக்கு நெரிக்கும் சைசர், அடிப்பகுதியில் பொருத்தும் ‘கேஸ் செக்’ என்னும் சிறு செம்பு மூடிகள் எனச் செலவு நீண்டுகொண்டே போகிறது. மேலும் இரட்டைக் குழி அச்சை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றால் முந்நூறு நல்ல குண்டுகள் தேறும். அந்த மூன்று மணி நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆண்டுக்கு நாற்பது தோட்டாக்கள் மட்டுமே சுடுகிறவர் கடையிலேயே வாங்கிக்கொள்வதுதான் அறிவுடைமை.

என் முடிவைத் தீர்மானித்தது குண்டின் குறுக்களவு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வார்க்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர், நான் உட்பட, கடினத்தன்மையைத்தான் முதலில் துரத்துகிறோம்.

ரைஃபிள் குழலின் உட்புறத்தில் சுருள்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அந்த வரிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தின் அடிமட்ட விட்டம் .30-30 வகையில் 0.308 அங்குலம், அதாவது 7.82 மில்லிமீட்டர், இருக்க வேண்டும் என்பது வரையறை. கடையில் கிடைக்கும் உறைக் குண்டும் அதே 0.308 அங்குலம்தான். என் ரைஃபிள் பல கை மாறி வந்தது. உறைக் குண்டுகளைக் கொண்டு நூறு கெஜத்தில் சுட்டபோது ஐந்து குண்டுகளும் நான்கு அங்குல வட்டத்துக்குள் விழுந்தன. மானுக்கு அது போதும் என்றாலும் மனத்துக்குப் போதவில்லை. வார்த்த குண்டு இதைச் சரிசெய்யும் என்று கேள்விப்பட்டு, பழைய அச்சகங்களிலிருந்து வரும் லினோடைப் உலோகத்தைத் தேடிப் பிடித்தேன். காரீயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 விழுக்காடு கொண்ட அந்தக் கலவை பிரினெல் அளவையில் 22 அளவுக்குக் கடினமானது. தூய காரீயமோ 5தான். (நம் ஊர் அச்சகங்களில் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்ட எழுத்துகளும் இதே மூன்று உலோகங்களின் கலவைதான் என்பது அப்போது நினைவுக்கு வந்து, பானையில் போடச் சற்றே கை கூசியது.)

முடிவு படுமோசம். முதல் ஐந்து குண்டுகள் ஆறு அங்குலத்துக்கும், பத்தாவது குண்டுக்குள் பத்து அங்குலத்துக்கும் சிதறின. குழலுக்குள் பார்த்தால் வெள்ளி பூசியதுபோல் ஈயம் படிந்திருந்தது. செம்புக் கம்பி நாரைத் துலக்கியில் சுற்றி இரண்டு மாலைகள் தேய்த்த பிறகுதான் குழல் சுத்தமானது. கலவை போதிய கடினமில்லை என்று எண்ணி, குண்டுகளைச் சூடாகவே தண்ணீரில் விழவைத்து இன்னும் கடினமாக்கினேன், படிவு கூடியது.

அதன் பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தோட்டா எதுவும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, எண்ணெய் தடவிய குழலுக்குள் தூண்டிலுக்குக் கட்டும் மெல்லீயக் குண்டு ஒன்றை மரக்கோலால் மெல்லத் தட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளி, அதன்மேல் பதிந்த பள்ளங்களின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தேன். 0.3095 அங்குலம் காட்டியது. என் அச்சு 0.311 அங்குலக் குண்டைத்தான் தந்துகொண்டிருந்தது. அதை ‘முறைப்படி’ 0.309 அங்குலத்துக்கு நெரித்தது நானே. குழலைவிடக் குண்டு 0.0005 அங்குலம் சிறுத்துப்போயிற்று. தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைவான அந்த இடைவெளி வழியே எரிவாயு பீறிட்டுக் குண்டின் விளிம்பை அரித்தெடுத்து, அந்த ஈயத்தைக் குழலெங்கும் பூசிவிடுகிறது. மென்மையான கலவையாக இருந்திருந்தால் அழுத்தத்தில் சற்றே விரிந்து இடைவெளியை ஓரளவு அடைத்திருக்கும். நான் தேடிச் சேர்த்த கடினம் அந்த வாய்ப்பையும் கெடுத்தது.

குண்டின் விட்டம் பள்ளத்தைவிட ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு அங்குலம் பெரியதாக இருக்க வேண்டும் என்பது வார்ப்பவர்களிடையே வழங்கும் விதி. 0.311 அங்குல சைசரை வாங்கி, கலவையையும் பிரினெல் 12 அளவுக்கு மென்மையாக்கிய பிறகு, அதே ரைஃபிள் நூறு கெஜத்தில் இரண்டரை அங்குலத்துக்குள் சுடுகிறது. ஐம்பது குண்டுகள் சுட்ட பிறகும் எண்ணெய்த் துணியை இரண்டு முறை விட்டால் குழல் பளிச்சென்று வந்துவிடுகிறது. உறைக் குண்டு இந்தக் குழலில் ஏன் சுமாராகச் சுட்டது என்பதற்கும் இதுவே விடை என்று கருதுகிறேன்: அதன் அளவு எனக்காக மாறாது. வார்த்த குண்டை என் ரைஃபிளின் வாய்க்கு ஏற்ப நானே தைத்துக்கொள்ள முடிகிறது, தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பதுபோல. அச்சு தரும் குண்டே சிறியதாக இருந்தால், அச்சின் இரு பாதிகளுக்கும் இடையே வெப்பம் தாங்கும் மெல்லிய அலுமினிய நாடாவை ஒட்டிப் பெரிதாக்கலாம். அல்லது அக்யூரேட் மோல்ட்ஸ் போன்ற, கேட்கும் விட்டத்துக்கு வெட்டித் தரும் நிறுவனத்திடம் அச்சு செய்துகொள்ளலாம். அளவுக்குச் சரியாக உள்ள புதிய குழல் வைத்திருப்பவருக்கு இந்த வாதத்தின் பலம் பாதியாகக் குறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் காரீயம் கிடைப்பது பற்றியது. முன்பு கார் சக்கரங்களைச் சமன்படுத்தப் பொருத்தும் சிறு காரீய எடைகளே வார்ப்பவர்களின் சுரங்கம். டயர் கடையில் வாளியாகக் கிடைத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் கலிபோர்னியா 2010இலும் வாஷிங்டன் மாநிலம் 2011இலும் காரீய எடைகளைத் தடை செய்தபின், வாளியில் துத்தநாகமும் எஃகும் மிகுந்துவிட்டன. மிசூரி மாநிலம் ஹெர்குலேனியத்தில் இருந்த, அமெரிக்காவின் கடைசி முதல்நிலைக் காரீய உருக்காலையும் 2013 டிசம்பரில் மூடப்பட்டது. இன்று இந்நாட்டில் உருக்கப்படும் காரீயம் பழைய பொருள்களிலிருந்து மீட்கப்படுவதே. துத்தநாகம் கலந்துவிட்டால் கலவை அச்சில் ஒழுங்காக நிரம்பாது. அது 419 பாகை செல்சியசிலும் காரீயம் 327 பாகையிலும் உருகுவதால், பழைய எடைகளை உருக்கும்போது பானையை 370 பாகையைத் தாண்டவிடாமல் வைத்திருந்தால் துத்தநாகத் துண்டுகள் உருகாமல் மிதக்கும். கரண்டியால் கசடோடு வழித்து எறிந்துவிடலாம். கார் மின்கலக் காரீயத்தை மட்டும் எவரும் தொடக்கூடாது: அமிலத்தோடு அதிலுள்ள பிற உலோகங்களின் கசடு நச்சு வாயுவை உண்டாக்கக்கூடும்.

அச்சில் கலவை நன்றாக ஓட இரண்டு விழுக்காடு வெள்ளீயம் போதும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு அந்த உலோகம்தான். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து உருக்கிவிட்ட வீடுகளுக்கு அது 232 பாகையிலேயே உருகும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் வீட்டுச் சொம்பு பத்திரமாகவே இருக்கிறது. நான் பழம்பொருள் கடைகளில் பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவைக் கிண்ணங்களைத் தேடி வாங்குகிறேன்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, இந்த வெப்பநிலையில் எழும் ஈய ஆவி மிகச் சொற்பம். கசடின் தூசியும், கழுவாத கையும்தான் ஈயத்தை உடலுக்குள் கொண்டுபோகின்றன. காற்றோட்டமுள்ள கொட்டகை, தனி உடை, வேலை நடக்கும் இடத்தில் உணவோ தேநீரோ கூடாது என்ற கட்டுப்பாடு, ஆண்டுக்கொரு இரத்தப் பரிசோதனை ஆகியவற்றை நான் தவறவிடுவதில்லை. பானைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தாலும் நீராவி வெடித்து உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். குளிர்ந்த அச்சையும் ஈரமான கட்டியையும் முதலில் பானையின் விளிம்பில் சூடாக்கிவிட்டே பயன்படுத்த வேண்டும். சிறுகுழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதை 2021 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனத்துக்குரிய அளவாக வைத்திருக்கிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டில், தனிக் கொட்டகை இல்லாமல், இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வேட்டையைப் பற்றி நான் அடக்கத்தோடுதான் பேச வேண்டும். வார்த்த குண்டால் இதுவரை இரண்டு வெண்வால் மான்களை மட்டுமே வீழ்த்தியிருக்கிறேன். இரண்டும் அறுபது கெஜத்துக்குள், இரண்டிலும் குண்டு ஊடுருவி வெளியேறிவிட்டது. தட்டை முனையும் மிதமான வேகமும் சேரும்போது குண்டு சிதறாமல் ஒரே துண்டாகச் செல்கிறது என்று அனுபவசாலிகள் சொல்வதோடு நான் கண்டது ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டு மான்கள் ஒரு சான்றாகிவிடா. இறைச்சியில் ஈயத்துணுக்கு என்ற கவலை கற்பனையும் அன்று: 2008இல் வடக்கு டகோடா மாநிலச் சுகாதாரத் துறை, உணவு வங்கிகளுக்கு நன்கொடையாக வந்த அரைத்த மான் இறைச்சியை இதே காரணத்துக்காக அகற்றச் சொன்னது. காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு மேல் வெட்டி எறிகிறேன். அதுவும் காட்டில் கழுகுக்கு எட்டாதபடி புதைக்கப்படுகிறது.

இந்த ஒரு கேள்வியில் மூன்றாவது போட்டியாளரான முழுச் செம்புக் குண்டு மற்ற இரண்டையும் வென்றுவிடுகிறது. 2019 ஜூலை முதல் கலிபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் காரீயக் குண்டு கூடாது என்பதால், அங்குள்ளவருக்குத் தேர்வே இல்லை. 150 கிரெயின் செம்புக் குண்டு ஒரு பெட்டி வாங்கி இலக்கில் சுட்டுப் பார்த்ததோடு என் அனுபவம் முடிகிறது. என் அகன்ற குழலில் அது உறைக் குண்டைப் போலவே நான்கு அங்குலம் சுட்டது. கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உண்ணப்போகும் இறைச்சி என்றால், துல்லியத்தில் ஒன்றரை அங்குலத்தை விட்டுக்கொடுத்து அதையே எடுத்துச் செல்வேன்.

சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் .270 ரைஃபிளுக்கும் வார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அவருடைய குழல் புதியது, வரையறை அளவிலேயே இருக்கிறது. அவர் சுடுவதோ அறுவடை முடிந்த சோள வயலின் குறுக்கே இருநூறு கெஜத்துக்கும் அப்பால், நொடிக்கு 930 மீட்டர் வேகத்தில். அந்த வேகத்தை வார்த்த குண்டு தாங்காது. வேகத்தைக் குறைத்தால் அந்த ரைஃபிளை அவர் வாங்கிய காரணமே போய்விடும். இரண்டு பெட்டி உறைக் குண்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் கொண்டுவந்திருந்த ஒரு வாளி சமன் எடைகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். பிரித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் துத்தநாகம்.