ஒரு கடையின் குரோ பேக்கும் மண் கலவையும்: ஓராண்டுக்குப் பின்

நாகர்கோவிலில் முன்பு வாகன ஒர்க்ஷாப் இயங்கிய காலி மனையில் எங்கள் தெருவினர் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட முடிவு செய்தபோது, ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய பெயின்ட்டும் பேட்டரிக் கழிவும் விழுந்த அந்த மண்ணில் நேரடியாக விதைக்கத் துணியாமல், உள்ளூர்க் கடையொன்றில் குரோ பேக்குகளும் (செடி வளர்க்கும் பைகள்) மண் கலவையும் வாங்கினோம். அரசு மண் பரிசோதனை முடிவாகத் தரும் மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் ஈயம் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தழைச்சத்து நன்றாக இருப்பதாலேயே மண் பாதுகாப்பானது ஆகிவிடாது.

பைகள் தடிமனானவை, ஒரு கோடையையும் நம் மாவட்டத்தின் இரண்டு மழைக்காலங்களையும் கிழியாமல் தாங்கின. கலவைதான் ஏமாற்றம். தென்னைநார்க் கழிவைச் சரியாக அலசாமல் விற்றதால் உப்பு மிகுந்து, முதலில் விதைத்த தண்டுக்கீரை நுனி கருகியது. மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே தேறியது. கடல் மணல் சேர்க்கவில்லை என்று கடைக்காரர் உறுதியளித்தார் (மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிரியக்கமுள்ள மோனசைட் மணலை அறிந்த ஊரில் இதைக் கேட்காமல் வாங்க முடியுமா?).

அடித்துளை வழியே வேர் கீழ்மண்ணுக்குள் இறங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. நாங்களே செங்கல் அடுக்கிப் பைகளை உயர்த்தினோம். கீரையைவிடக் காயில் ஈயம் குறைவாகவே சேரும் என்பதால் இப்போது வழுதலையும் (கத்தரி) வெண்டையுமே வளர்க்கிறோம். பைக்காக அக்கடைக்கு மீண்டும் போவேன், கலவைக்காகப் போகமாட்டேன்.