புத்தம் வீடா, கோவேறு கழுதைகளா, செல்லாத பணமா?

குடும்பக் கதை வேண்டும், அழவைத்தாலும் பரவாயில்லை, டிவி சீரியல் மாதிரி மட்டும் இருக்கக் கூடாது. இப்படிக் கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் நாவல்கள் மூன்று. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994), அதே இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018). மூன்றையும் ஒரேயடியாக வாங்கிவிடலாம்தான். ஆனால் பலரும் எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் கேட்கிறார்கள். தவறான வரிசையில் ஆரம்பித்து, பாதியில் மூடி வைத்துவிட்டு, தமிழ் நாவலே எனக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் படிக்க எளிதானது ‘புத்தம் வீடு’. மெல்லிய புத்தகம், ஒரு வார இறுதி போதும். கன்னியாகுமரிப் பக்கம் பனைவிளை என்ற ஊர். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த கிறிஸ்தவக் குடும்பம், இப்போது சொத்து கரைந்து பெருமை மட்டும் மிச்சம். தாத்தா கண்ணப்பச்சி, குடிகாரத் தகப்பன், இவர்களுக்கு நடுவில் லிஸி. பெரிய மனுஷி ஆனதும் அவள் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவள் மனம் போவதோ பனையேறி அன்பையனின் மகன் தங்கராஜிடம். பனையேறி வீட்டுப் பையன் என்பது இந்த வீட்டுக் கௌரவத்துக்கு ஒவ்வாது. அப்புறம் ஒரு கொலை, அதையொட்டி ஒரு சந்தேகம். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கதையை இப்படிச் சுருக்கினால் அந்தக் காலத்து சினிமா போலத்தான் தெரியும். படித்தால் அப்படி இல்லை. ஹெப்சிபா குரலை உயர்த்துவதே இல்லை. லிஸிக்குப் பேசிவந்த டாக்டர் மாப்பிள்ளை சித்தப்பா மகள் லில்லிக்குப் போய்விடுகிறார். வேறொருவர் எழுதியிருந்தால் அங்கே பத்துப் பக்கம் கண்ணீர் ஓடியிருக்கும். ஹெப்சிபா பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் கடந்துபோகிறார்; வலி வாசகரிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. லிஸி வீராவேசமாக எதுவும் பேசுவதில்லை, வீட்டை விட்டு ஓடுவதுமில்லை. மனதை மாற்றிக்கொள்ளாமல் இருக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பிடிவாதம்தான் நாவலின் முதுகெலும்பு. வட்டார வழக்கு உரையாடலில் உண்டு என்றாலும், கன்னியாகுமரிப் பேச்சைக் கேட்டே அறியாதவரும் இருபது பக்கத்தில் பழகிவிடுவார். ஒரு குறை சொல்வதென்றால், கடைசிப் பகுதியில் சம்பவங்கள் கொஞ்சம் அவசரமாக ஓடுகின்றன. அதுவரை நிதானமாக நடந்த கதைக்கு அது பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

‘கோவேறு கழுதைகள்’ முற்றிலும் வேறு ரகம். இமையத்தின் முதல் நாவல். ஒரு தலித் காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை, அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். தாய் ஆரோக்கியம், தகப்பன் சவுரி, பிள்ளைகள் ஜோசப், பீட்டர், மேரி. ஊரில் பிள்ளை பிறந்தாலும் ஆரோக்கியம் வேண்டும், சாவு விழுந்தாலும் ஆரோக்கியம் வேண்டும். கூலி என்று கையில் காசு வராது. இரவில் வீடு வீடாகப் போய் வாங்கி வரும் ராச்சோறு, அறுவடைக் காலத்தில் களத்தில் கிடைக்கும் தானியம், இரண்டும்தான் வரும்படி.

அந்தக் களத்துப் பகுதிகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஆரோக்கியம் கெஞ்சுகிறாள், வாழ்த்துகிறாள், பழைய உறவைச் சொல்லிப் பார்க்கிறாள், இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறாள். கொடுப்பவருக்கு அலுப்பு, எரிச்சல். கேட்பவளுக்கு அது பிச்சை இல்லை, வருஷம் முழுக்க உழைத்ததற்கான பங்கு. இரண்டு பேருமே ஏழைகள் என்பதுதான் இங்கே நெஞ்சை அறுக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களையே ஒடுக்குபவர்களாகக் காட்டிவிட்டார் என்று நாவல் வந்த காலத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த விவாதம் தேவைதான். ஆனால் நாவலைப் படிக்காமலே அதில் இறங்கியவர்களும் இருந்தார்கள்.

இந்த நாவலில் அன்பு எங்கே இருக்கிறது? ஆரோக்கியமும் சவுரியும் திட்டிக்கொள்வதில் இருக்கிறது. கல்யாணமான மகன் மனைவியோடு பிழைப்புத் தேடிச் சின்னசேலம் போய்விட்ட பிறகு அவள் புலம்புவதில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, தன்னை மதிக்காத அந்த ஊரின் மேல் அவள் வைத்திருக்கும் பாசத்தில் இருக்கிறது. மகள் மேரிக்கு அந்த ஊரிலேயே கொடுமை நடக்கிறது. அதற்குப் பிறகும் ஆரோக்கியத்தால் ஊரை விட முடியவில்லை. போக வேறு இடம் இல்லை என்பது பாதிக் காரணம். இவர்கள் என் சனங்கள் என்ற நினைப்பு மீதிப் பாதி. லிஸியின் காதல் அவளைத் தூக்கி நிறுத்துகிறது. ஆரோக்கியத்தின் அன்போ அவளையே கட்டிப்போடுகிறது. நெடுங்காலம் நீடிக்கும் அன்பு நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று துணிந்து எழுதிய நாவல் இது. மூன்றில் பெரிய நாவல் எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் முதல் புத்தகமாக இதைக் கொடுக்க மாட்டேன். கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாட்டுப் பேச்சு அடர்த்தியாக வரும். ஆரோக்கியத்தின் புலம்பலும் ஒப்பாரியும் நீளமாக வரும். அவசரக்காரர்கள் அங்கேதான் நழுவுவார்கள். ஐம்பது பக்கம் பொறுத்துப் போனால் அந்தப் புலம்பலே தாளமாகிவிடும்.

‘செல்லாத பணம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மூன்றில் நம் காலத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்பதும் இதுதான். தலைமை ஆசிரியர் நடேசன், அவர் மனைவி அமராவதி, இன்ஜினியரிங் படித்த மகள் ரேவதி. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார். பிறகு ஒருநாள் ரேவதி தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வாசலில் நடக்கிறது. எவ்வளவு செலவானாலும் சரி என்று நிற்கும் தகப்பனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. கையில் பணம் இருந்தும் வெறுமனே காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது.

முந்தைய இரண்டிலும் கஷ்டம் என்றால் வறுமை, சாதி, குடி. இங்கே நடேசன் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. பேசாமல் இருந்த வருஷங்கள்தான் கடன். கிட்டத்தட்ட எல்லாமே உரையாடலில் நகர்வதால் விறுவிறுவென்று ஓடும். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கவலையை ஆளாளுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள். நடுவில் கொஞ்சம் கத்தரித்திருக்கலாம் என்று தோன்றியது. நிஜத்தில் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரவியை முழு வில்லனாக்கிக் கதையை முடித்துவிடாதது இமையத்தின் கெட்டிக்காரத்தனம்.

இந்தப் பட்டியலில் ‘எரியும் பனிக்காடு’ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்து, இரா. முருகவேள் மொழிபெயர்த்த நாவல். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை. ஆள்பிடிக்க வரும் மேஸ்திரியை நம்பித் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கருப்பனும் வள்ளியும் மறக்கக்கூடியவர்கள் இல்லை. தோட்டங்களின் வரலாறு தெரிய வேண்டுமென்றால் கட்டாயம் படியுங்கள். குடும்ப நாவலாகப் பார்த்தால், ஆட்களைவிடத் தோட்டம்தான் அதில் பெரிய பாத்திரம்.

சரி, எதை வாங்குவது? நாவல் படித்துப் பழக்கமில்லாதவருக்கும், அம்மாவுக்கோ அத்தைக்கோ பரிசு தருவதாக இருந்தாலும் ‘புத்தம் வீடு’. கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாக்குவாதம் வந்தாலும் பரவாயில்லை என்றால் ‘செல்லாத பணம்’. வீட்டில் யாராவது தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தால் மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். அந்தப் பக்கங்கள் அவ்வளவு நேரடியானவை. ‘கோவேறு கழுதைகள்’ இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரட்டும். ஆரம்பத்தில் பேச்சுவழக்கு பிடிபடவில்லை என்றால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சீக்கிரம் பிடிபடும்.