எம்.எஸ். படிக்க ஜெர்மனியா, இங்கிலாந்தா? கடனை முதலில் பாருங்கள்

வெளிநாடு போய் எம்.எஸ். படிக்கலாமா என்று கேட்கிற இன்ஜினியரிங் மாணவர்களுக்கு நான் சொல்வது, கண்டிப்பாகப் போங்கள் என்பதுதான். எந்த நாடு என்பதில்தான் யோசனை வேண்டும். நான் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் மெக்கானிக்கல் முடித்தேன். கோவையில் ஹாஸ்டலில் என் ரூம்மேட்டாக இருந்த நண்பன் அதே வருடம் இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தான். இங்கிலாந்தைப் பற்றி நான் எழுதுவதில் பெரும்பகுதி அவன் சொல்லித் தெரிந்துகொண்டது, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இங்கிலாந்தின் பலம் ஊரறிந்தது. ஆங்கிலம் போதும், ஒரே வருடத்தில் டிகிரி கையில். படிப்பு முடிந்தபின் இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம் என்பதும் பெரிய ஈர்ப்பாக இருந்தது, ஆனால் 2027 ஜனவரி முதல் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். ஜெர்மனியிலும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆக அந்த வித்தியாசம் போயிற்று. குளிர், சாப்பாடு, தனிமை எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு.

முடிவு செய்ய வேண்டியது கடனை வைத்து. இங்கிலாந்தில் இன்ஜினியரிங் எம்.எஸ்ஸி.க்கு 20,000 பவுண்டுக்கு மேல் கட்டணம் என்பது சர்வ சாதாரணம், அதோடு வாடகை, சாப்பாடு, வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. செமஸ்டருக்குச் சுமார் 300 யூரோ கட்டினால் பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே வந்துவிடும். எல்லா இடத்திலும் இப்படி இல்லை: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி.க்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்பே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் கேட்கும் 11,904 யூரோவைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வரும்.

கடன் என்றால் நம் வீடுகளில் வட்டியையும் இஎம்ஐயையும் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் அங்கே என்ன கற்றுக்கொள்கிறீர்கள் என்பதையே அது மாற்றிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. நண்பன் செப்டம்பரில் போய் இறங்கினான், அடுத்த மாதமே வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டான், ஏனென்றால் படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் பேங்க் தவணை கேட்க ஆரம்பித்துவிடும். செலவுக்கு வாரம் 20 மணி நேரம் வேர்ஹவுஸில் வேலை. ஜனவரியில் தேர்வு, கோடையில் டிஸர்டேஷன், அவ்வளவுதான், வருடம் ஓடிவிட்டது. கல்லூரியில் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் படித்தவன் அவன். பிடித்த பாடத்தில் கொஞ்சம் நிதானமாக இறங்கிப் பார்க்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

எனக்கு அந்த நேரம் கிடைத்தது. ஒரு செமஸ்டரில் பேப்பர்களைக் குறைத்துக்கொண்டு, ஒரு கம்பெனியில் வெர்க்ஷ்டூடன்டாக, அதாவது படித்துக்கொண்டே பகுதி நேரம் வேலை பார்க்கும் மாணவனாகச் சேர்ந்து, பேரிங்குகளின் அதிர்வை அளக்கும் வேலை பார்த்தேன். துறை சார்ந்த வேலை, சம்பளமும் உண்டு. அப்புறம் அந்த வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் நம் பக்கம் நகர்த்திவிட்டு, இந்த ஷாஃப்ட் ஏன் இந்த இடத்தில் உடைந்தது என்று கேட்பார். ஃபார்முலாவை எழுதிக் காட்டினால், சரி, இது எந்த நிலையில் செல்லாது என்பார். 2 மார்க், 13 மார்க் என்று நான்கு வருடம் எழுதித் தள்ளிவிட்டு வந்தவர்களுக்கு அந்த அரை மணி நேரம் தருகிற பயிற்சி வேறு எங்கும் கிடைக்காது.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர் மாதிரி அரியரை இழுத்துக்கொண்டே போக முடியாது. பெரும்பாலும் ஒரு பேப்பருக்கு மூன்று வாய்ப்புதான், மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். இரண்டு வருடப் படிப்பு மூன்று வருடம் ஆவதும் சகஜம். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் பி1, பி2 என்கிற நடுத்தர நிலை அளவுக்கு ஜெர்மன் இல்லாமல் மெக்கானிக்கலில் வேலை தேடுவது கஷ்டம். அதிலும் இப்போது கார் கம்பெனிகள் ஆள் குறைக்கிற காலம். ஃபோக்ஸ்வேகன் மட்டுமே 2030க்குள் ஜெர்மனியில் 35,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. அதனால் எல்லோருக்கும் உடனே வேலை என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

சட்டம், இலக்கியம் படிக்கிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம், அந்தத் துறைகளில் எனக்குப் பழக்கம் குறைவு. பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் மாதிரி முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கடன் என்ற பேச்சே இல்லை, தயங்காமல் இங்கிலாந்துக்குப் போங்கள். (அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள்.) கன்சல்டன்சியில் இங்கிலாந்துதான் சுலபம் என்று சொன்னால் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்த்தால் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகின்றன, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக அந்த வழக்கம் இல்லை.

ஜெர்மனி என்று முடிவு செய்தால் இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்திலேயே ஏ1 என்கிற ஆரம்பநிலை ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள், சென்னையில் கோத்தே இன்ஸ்டிடியூட் இருக்கிறது. நம் ஊர் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் விசா கிடைக்காது, அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று பல இடங்களில் பார்ப்பீர்கள், அதை நம்பி உட்காராதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல துறைகளில் அதற்கு மாதக்கணக்கில் முன்பே மூடிவிடுவார்கள்.