கறுப்புப் பக்க ஸ்க்ராப்புக் செட்: கல்லடியிலிருந்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு நகரப் புத்தகக்கடைகளிலும், காத்தான்குடி, கல்முனைப் பக்கத்துப் பென்சிக் கடைகளிலும் ‘ஸ்க்ராப்புக் செட்’ என்று ஒரு பெட்டி இப்போது கிடைக்கிறது. எட்டங்குலச் சதுரத்தில் கறுப்புப் பக்க அல்பம், மினுக்கப் பேனைகள், ஒரு கம் ஸ்டிக், பூப்போட்ட டேப், ஸ்டிக்கர் தாள்கள், படத்தின் மூலைகளைப் பிடிக்கிற சின்ன முக்கோண உறைகள், வளைவு வளைவாக வெட்டுகிற கத்தரிக்கோல். நான் வாங்கிய பெட்டியில் கம்பனிப் பெயர் எதுவும் இல்லை. விலை 2,500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: அல்பத்துக்காகவும் மூலை உறைகளுக்காகவும் இதை வாங்கலாம். கம்மைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அல்பத்தில் படம் மட்டும்தான் இருக்கும். ஸ்க்ராப்புக்கில் அந்தப் படத்தோடு அதன் கதையும் இருக்கும்: யார், எங்கே, எந்த வருடம், அன்று என்ன நடந்தது, அந்த நாளின் அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பஸ் ரிக்கற். இது பழைய பழக்கம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், பக்கங்களில் முன்கூட்டியே கம் பூசி, தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் ஸ்க்ராப்புக் ஒன்றுக்கு 1873ல் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் பார்க்கிற பாணி பரவத் தொடங்கியது 1980ல். அந்த வருடம் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவண மாநாட்டில் மரிலென் கிறிஸ்டென்சன் என்ற பெண் தன் குடும்பத்தின் நினைவுப் புத்தகங்களை வரிசையாக வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இதற்கென்றே கடைகளும் சாமான்களும் வந்தன.

எங்கள் கரையில் இந்தப் பொழுதுபோக்குக்கு வேறொரு தேவையும் இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 சுனாமி கல்லடி, நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்று கரையோர வீடுகளைத் துடைத்தது. கல்முனை, காரைதீவு, திருக்கோவில் பக்கமும் அதே கதைதான். எங்கள் வீட்டில் அதற்கு முந்திய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது கையில் இருப்பவை, கனடாவுக்கும் லண்டனுக்கும் அந்தக் காலத்தில் கடிதத்தோடு அனுப்பிய படங்கள். சொந்தக்காரர் பத்திரமாக வைத்திருந்து திருப்பி அனுப்பியவை. அப்படி வந்த படத்தை எந்தக் கடதாசியில், எந்தக் கம்மால் ஒட்டுகிறோம் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் பக்கங்கள். மலிவான கடதாசியில் லிக்னின் என்கிற மரப்பொருள் மிச்சம் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட அது மஞ்சளாகி, பொரிந்து, பக்கத்தில் இருக்கிற படத்தையும் கறைப்படுத்தும். பத்திரிகைத்தாள் வெயிலில் கிடந்தால் என்ன ஆகிறது என்று எல்லாரும் கண்டிருப்போம். ஆகவே ஸ்க்ராப்புக்குக்கு அமிலமும் லிக்னினும் இல்லாத கடதாசி வேண்டும். வெளிநாட்டில் இதைச் சோதிக்க ஒரு பேனை விற்கிறார்கள். கோடு போட்டால் அமிலம் இல்லாத கடதாசியில் ஊதாவாகவும் அமிலக் கடதாசியில் மஞ்சளாகவும் தெரியும். கறுப்புப் பக்கத்தில் அந்தக் கோடு தெரியாது, அதனால் வேறு வழியில் பார்த்தேன். ஈரப் பஞ்சை ஒரு பக்கத்தில் வைத்து, மேலே பாரம் ஏற்றி எடுத்தபோது பஞ்சில் கருமை மெல்லியதாக இறங்கியிருந்தது. ஒரு துண்டை வெட்டி, பாதியை மூடி, பாதியை ஜன்னல் வெயிலில் வைத்தேன். நிறம் பெரிதாக மாறவில்லை. தடிப்பு நல்லது, இரண்டு படம் தாங்கும், வளையாது. இதிலிருந்து நான் எடுத்த முடிவு: மூலப் படத்தை இந்தக் கறுப்புத் தாளில் நேரடியாக வைக்கக்கூடாது. பின்னால் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து வைக்கலாம். பிரதிகளை நேரடியாகவே வைக்கலாம்.

பெட்டியோடு வந்த கம் ஸ்டிக் தண்ணீர் கூடிய ரகம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பூசி முடிக்கும் முன்னே காய்ந்துவிடுகிறது. மாரியில் நாள் கணக்கில் பிசுபிசுக்கிறது, பக்கம் அலை அலையாக வளைகிறது. இங்கே கம்மைச் சோதிக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு காலத்திலும் சோதிக்க வேண்டும். அதன் இடத்துக்கு நான் யூஹூ கம் ஸ்டிக் வாங்கினேன். அமிலம் இல்லாதது, படம் அல்லாத கடதாசிகளுக்குப் போதும். படங்களுக்குக் கம்மே வேண்டாம் என்பது என் கருத்து. மூலை உறைகள் இருக்கும்போது எதற்கு? கம் பூசுவது அந்த உறையின் முதுகில்தான், படத்தில் ஒரு சொட்டும் படாது. நாளைக்குப் பேத்திக்கு அந்தப் படம் தேவைப்பட்டால் உருவி எடுத்துக் கொடுக்கலாம். பெட்டியில் எனக்கு மிகப் பிடித்த சாமான் இதுதான். நூற்றுக்கு மேல் தருகிறார்கள், நன்றாகப் பிடிக்கின்றன. சாதாரண செலோடேப்பை மட்டும் கிட்டவும் எடுக்க வேண்டாம். சில வருடத்தில் பழுப்பாகி, பசை மட்டும் படத்தில் தங்கிவிடும்.

பழைய அல்பம் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு சொல். 1980களில் கல்யாணப் படங்களுக்கென்று ஒரு அல்பம் வந்ததே, பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, கோடு கோடாகப் பசை இருக்கிற அட்டையில் படத்தை வைத்து மூடுவது, அது படங்களுக்கு மிகக் கெடுதல். அதில் படம் இருந்தால் இப்போதே எடுங்கள், ஆனால் இழுக்காதீர்கள். பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற நூல் பார்மசியில் கிடைக்கும். அதைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, வாள் இழுப்பதுபோல மெல்ல இழுத்தால் பிரியும். முதலில் முக்கியம் இல்லாத படம் ஒன்றில் கை பழகுங்கள். வர மறுக்கிற படத்தை அங்கேயே விட்டு, ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேனைகள்: வெள்ளை, பொன், வெள்ளி. கறுப்புப் பக்கத்தில் வெள்ளை நன்றாக எடுபடுகிறது, காய்ந்தபின் விரலில் வரவில்லை. பொன் கொஞ்சம் திட்டுத் திட்டாக விழுகிறது, தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். வெள்ளைத் துண்டுக் கடதாசியில் எழுதுவதற்கு சகுரா பிக்மா மைக்ரோன் பேனை ஒன்று தனியாக வாங்கியது பெரிய உதவி. நிறமி மை, தண்ணீர் பட்டாலும் ஊறாது. படத்தின் பின்பக்கம் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில் மட்டும், அழுத்தாமல். குமிழ்முனைப் பேனை மறுபக்கம் கோடு எழுப்பிவிடும்.

இனி ஸ்டிக்கர்கள். பனித்துகள், இலையுதிர்காலத்து மேப்பிள் இலை, சூடான கோப்பி, இங்கிலீசில் இரண்டு மூன்று வாழ்த்து வசனம். அம்மம்மாவின் கல்லடி வாழ்க்கையைச் சொல்லும் பக்கத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. கெட்ட சாமான் என்று சொல்லமாட்டேன், வேறு ஊருக்குச் செய்தது. அதற்குப் பதிலாக இங்கே எவ்வளவு அழகான பொருள் கிடக்கிறது! மருதமுனைக் கைத்தறிச் சேலையின் கரையில் இருந்து விரலகலத் துண்டு ஒன்று ஒரு பக்கத்துக்கே எல்லை கட்டிவிடும். தையற்காரக்காவிடம் கேட்டால் வெட்டுத்துண்டு, சரிகை, லேஸ் எல்லாம் பை நிறையக் கொடுப்பார். மாமாங்கத் தீர்த்த நோட்டீஸ், பாண்டிருப்புத் தீப்பாய்தல் பார்க்கப் போன நாளின் ரிக்கற், பழைய றேசன் காட், மஞ்சள் பூசிய கல்யாணக் காட். மஞ்சளும் குங்குமமும் அடுத்த பக்கத்துக்கு இறங்கும். அந்த மாதிரிக் காட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். பஸ்ஸில் மெசினில் வருகிற ரிக்கற்றும் கடை பில்லும் வெப்பத்தால் எழுத்து விழுகிற கடதாசி, தானாகவே வெளுத்து வெறுந்தாளாகும். கையோடு போட்டோக்கொப்பி எடுத்து அந்தக் கொப்பியை ஒட்டுங்கள். கொப்பி மெசினின் மை நிலைத்து நிற்கும்.

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது மூக்கால் சோதியுங்கள். புது மழைக்கோட்டு நாற்றம் அடித்தால் அது பீவீசி, வருடக்கணக்கில் ஒட்டும் தன்மை ஏறிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். நாற்றம் இல்லாத பொலிபுரொப்பிலீன் உறை பாதுகாப்பு. இந்தச் செட்டில் உறை கிடையாது, அது ஒரு குறைதான். எதிரெதிர்ப் பக்கங்களில் படங்கள் முகம் முகமாக இருந்தால், ஈரம் ஏறும்போது மேற்பூச்சு இளகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். படத்துக்கு நல்லது 30 முதல் 50 வீத ஈரப்பதம், எங்கள் மாரியில் அது 80ஐத் தாண்டும். ஆகவே நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைத் தாள் கட்டாயம்.

படங்களைச் சேர்க்கும் வேலைக்கு வருவோம். வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்கும்போது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக வந்தால் அது சுருங்கி, பிரிண்ட் போடும்போது முகம் மங்கும். ஸ்கேன் என்றால் அங்குலத்துக்கு 600 புள்ளியில் (600 dpi) எடுக்கச் சொல்லுங்கள், சின்னப் படத்தையும் இரண்டு மடங்காக்கலாம். பிரிண்டுக்கு ஸ்ரூடியோவே நல்லது. வீட்டு இன்க்ஜெட்டின் சாய மை ஈரத்தில் கசியும். எட்டங்குலப் பக்கத்தில் நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று வைத்தால், எழுதப் போதிய இடம் மிஞ்சும். இரண்டு வைத்தால் எழுத்து நெரிபடும். மினுக்கத்தை விட மங்கல் பிரிண்ட் கேளுங்கள், விரலடையாளம் தெரியாது.

எழுதுவதுதான் இதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன். பின்னேரத்தில் அல்பத்தை மடியில் வைத்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தால் கதை தானாக வரும். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில், ஓரம் பல்லுப் பல்லாக வெட்டியது, ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். “இது ஆரு அம்மம்மா?” என்றேன். “நடுவில நிக்கிறது நான்தான் புள்ள. சட்டை என்ட இல்ல, அக்காட. படம் புடிக்கப் போறெண்டு இரவல் வாங்கினது” என்றார். அந்தச் சட்டைக் கதையை அவர் சொன்ன மாதிரியே, அவருடைய வாய்மொழியிலேயே வெள்ளைப் பேனையால் எழுதினேன். எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் ஆள் தொலைந்துபோவார். மற்ற நாலு பேரில் இரண்டு பேரின் பெயர் அவருக்கு நினைவில்லை. பக்கத்தில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். போன மாதம் மாமியார் வீட்டுக்கு வந்த ஒரு வயதான அக்கா பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார், எழுதிவிட்டோம். இப்படி வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். போனில் ஆயிரம் படம் இருந்தும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சூறாவளி இரவைப் பற்றி அவர் சொன்னதற்குப் படமே இல்லை. அதற்கும் ஒரு பக்கம் வைத்தேன், எழுத்து மட்டும். படம் இல்லாத பக்கம் ஸ்க்ராப்புக்கில் இருக்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். எங்கள் கரையில் படம் மிஞ்சாத கதைதான் கூட.

தொடங்குகிறவர்கள் பிறந்ததில் இருந்து வரிசையாகப் போகவேண்டும் என்று நினைத்து மலைக்க வேண்டாம். கையில் இருக்கிற ஒரு படம், ஒரு நாள், ஒரு பக்கம். ஒட்டுமுன் எல்லாவற்றையும் பக்கத்தில் பரப்பி வைத்து, போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள். வளைவுக் கத்தரிக்கோல் அழகுதான், ஆனால் கடதாசிக்கு மட்டும். மூலப் படத்தின் ஓரத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். பின்னால் நிற்கிற கடைப்பலகையும் சைக்கிளும்தான் பிறகு வருடத்தைச் சொல்லும்.

முடித்த அல்பத்தை நிலத்திலோ கட்டிலுக்குக் கீழோ வைக்காமல் அலுமாரியின் மேல்தட்டில், வெளிச்சுவரில் படாமல் படுக்கவையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். மாரிக்கு முன்பு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, தூரத்தில் இருக்கிற ஒரு சொந்தத்துக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளம் வந்தாலும் பக்கம் எங்கோ ஓரிடத்தில் இருக்கும்.

2,500 ரூபாய் கூட என்று பட்டால், கறுப்பு அல்பத்தைத் தனியாகவும், மூலை உறைகளைத் தனியாகவும், ஒரு வெள்ளைப் பேனையும் வாங்குங்கள். நான் விசாரித்த கடையில் மூன்றும் சேர்த்து 1,500க்குள் வந்தது. பரிசாகக் கொடுப்பதென்றால் செட்டே நல்லது, பெட்டி பார்க்க வடிவாக இருக்கிறது. காசு கொடுக்குமுன் மேலுறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: அல்பத்தின் முதுகு கம்பிச் சுருளாக இருக்கவேண்டும். நூல் தைத்ததோ கம் போட்டதோ என்றால், படங்கள் ஏறி அல்பம் தடிக்கும்போது முதுகு பிளந்துவிடும்.